சிவப்பு லைட்டுக்கு இன்னா லாபம்

பாய்,

நேற்றுக் காலை உன் வீட்டுக்காரம்மா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் கடை மேஜைமேல் வைத்தார். நீ போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து வீட்டை ஒழித்தபோது பரணில் கிடைத்ததாம். "இது இன்னா சாமான்னே எனக்குத் தெரியலண்ணே. ஒரு வாட்டி, நான் போயிட்டா இத வயரு கிட்ட குடுத்துடுன்னு சொன்னாரு. வெளையாட்டுக்கு சொல்றாருன்னு நெனச்சேன்" என்றார். டீ வாங்கிவரச் சொன்னேன். குடிக்காமலே போய்விட்டார்.

மூடியைத் திறந்ததும் கறுப்பு டேப்பின் வாசனை. அந்தப் பிசின் வாசனையில் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமாக நான் சோறு தின்கிறேன், அது எந்தப் பெட்டிக்குள் இருந்தாலும் என் மூக்குக்குத் தெரியும். உள்ளே உன் லைசென்ஸ், காது ஒடிந்த ஒரு மூக்குக்கண்ணாடி, அப்புறம் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் வயர். ஆறு வருஷமாக நான் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்த வயர் அது. தேடுகிறேன் என்று ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல் தேடினேன். கடைசியில் உன்னிடம்தான் இருந்ததா? எதிர்க்கடையில் உட்கார்ந்துகொண்டு, என்னோடு ஒரு நாளைக்கு மூன்று டீ குடித்துக்கொண்டு, இதைப் பரணில் வைத்திருந்தாயா? சரியான அழுத்தக்காரனய்யா நீ.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. ஆர்மேச்சர் சுற்ற உட்கார்ந்தால் எத்தனை சுற்று என்பது மறந்துபோகிறது. எழுதிப் பார்த்தாலாவது சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாதா என்றுதான் இதை எழுதுகிறேன். நீதான் படிக்கப் போவதில்லையே, அதனால் கூச்சமில்லாமல் எழுதலாம்.

எனக்கு 'வயரு' என்று பெயர் வைத்ததே நீதான். எங்கள் நைனா லைட்ஹவுஸ் குப்பத்தில் பேர்போன கட்டுமரக்காரர். அவர் பிள்ளை நான் கடலில் இறங்கினால் அரை மணியில் வாந்தி எடுப்பேன். பொன்னேரியில் டைனமோ வேலை கற்றுக்கொண்டு பழவேற்காடு பஸ் நிற்கும் இடத்தில் கடை போட்டேன். கடை திறந்த அன்று முதல் வண்டியாக நீதான் இரால் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாய். "மீன் புடிக்கிறவன் புள்ள வயர் புடிக்கிறியா? பாத்து, அதுவும் கடிக்கும்" என்றாய். அப்போது நம் இருவருக்குமே முப்பது நிறையவில்லை.

இந்த ஊரில் எந்த லைட்டும் யோக்கியமாக உண்மை பேசியதில்லை. அது உனக்கும் தெரியும். மழை தூறினால் ஆரன் தானாக அடிக்கும். இடதுபக்கம் கையைக் காட்டினால் வலதுபக்கம் மினுக்கும். டேங்க் காலியான லாரியில் முள் நிறைந்து நிற்கும். எல்லாம் உப்புக்காற்று செய்கிற வேலை. ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் இரும்பும் செம்பும் எத்தனை நாள் தாங்கும்? நான் உப்புத்தாளை எடுத்து முனையைத் தேய்த்து, வாஸ்லின் தடவி, டேப் சுற்றி அனுப்பிவிடுவேன். பத்தில் ஒன்பது வண்டி சரியாகிவிடும். அந்த ஒன்பது வண்டிதான் என்னைக் கெடுத்தது. யார் என்ன குறை சொன்னாலும் பானெட்டைத் திறக்கும் முன்பே 'உப்பு' என்று சொல்லிவிடுவேன். "உன் பொண்டாட்டி கோச்சிக்கினாலும் உப்புன்னுதான் சொல்லுவ நீ" என்று நீ கேலி செய்வாய்.

ஆறு வருஷம் முன்பு வாடைக்காற்று தொடங்கியபோதுதான் நீ உன் இரால் வேனின் அந்தச் சிவப்பு லைட்டைப் பற்றிச் சொன்னாய்.

பெட்ரோல் வண்டி காற்றை இழுக்கும்போதே பிரேக்குக்கு வேண்டிய வேக்கத்தையும், அதாவது காற்றை உறிஞ்சுகிற இழுப்பையும், தன்னாலே கொடுத்துவிடும். டீசல் இன்ஜினுக்கு அந்தக் குணம் கிடையாது. அதற்காக டைனமோவின் பின்னால் ஒரு சின்னப் பம்ப். பம்ப் காற்றை உறிஞ்சும், ரப்பர் ஓஸ் வழியாக பூஸ்டருக்குள் வேக்கம் பிடிக்கும், அந்த பூஸ்டர் டிரைவர் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்தும். வேக்கம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரியும், பஸ்ஸர் கத்தும். அந்த வண்டியை நாலு வருஷம் ஓட்டியவனுக்கு நான் பாடம் எடுக்கிறேன் பார்! ஆனால் அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று எழுதி வைக்கிறேன்.

"இன்னா வயரு, லைட்டு என்ன பாத்து கண்ணடிக்குது" என்றாய். "காலைல ஸ்டார்ட் பண்ணா எரிஞ்சி அணைஞ்சிடுது. அது சரி. பொன்னேரி பஜாருக்குள்ள பூந்தா மறுபடி எரியுது, பஸ்ஸரு கூவுது. ஊரத் தாண்டி வெட்டவெளிக்கு வந்தா கொஞ்ச நேரத்துல தன்னால அணைஞ்சிடுது. நிறுத்தி எறங்கிப் பாத்தா ஒரு மண்ணும் இல்ல."

"பள்ளத்துல குலுங்குது. லூஸ் கான்டாக்ட்டு. உப்பு" என்றேன்.

"பஜார்ல மட்டும்தான் பள்ளமா? நம்ம ஊரு ரோட்டுல இன்னா மொசைக்கா போட்டு வெச்சிருக்கு?"

எவ்வளவு நல்ல கேள்வி! அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் பத்து நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்காமல் சிரித்தேன்.

சும்மாவும் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் உன் வண்டியோடு மல்லுக்கட்டினேன். லைட்டுக்குப் போகும் சுவிட்சைக் கழற்றித் தேய்த்தேன். எர்த் வயரை மாற்றினேன். அப்புறம் பிரேக்கையே சோதித்தோம், நினைவிருக்கிறதா? இன்ஜினை நிறுத்திவிட்டு ஆறு முறை பெடலை மிதிக்கச் சொன்னேன், பெடல் கல்லாகிவிட்டது. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். "எறங்குது எறங்குது, வெண்ணெ மாதிரி எறங்குது" என்று கத்தினாய். பூஸ்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பம்ப் பக்கம் ஓஸைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை வைத்தேன், தோலைப் பிடித்து இழுத்தது. பம்ப்பும் நன்றாக இருக்கிறது. பூஸ்டரும் சரி, பம்ப்பும் சரி என்றால் பொய் சொல்வது லைட்தானே? கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாச் சோதனையும் என் கடை வாசலில், குளிர்ந்த இன்ஜினில், ஐந்து நிமிஷம் ஓட விட்டுச் செய்தது. ஒரு நாளாவது உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பொன்னேரி வரைக்கும் வந்தேனா? வரவில்லை. கடையை விட்டு வர எனக்குச் சோம்பல்.

அந்த ஓஸையும் பார்த்தேன். இரண்டு முனையிலும் கிளிப் இல்லை. பச்சை நைலான் நூலால் வரிந்து கட்டியிருந்தாய். வலை முடிகிற உன் அம்மாவிடம் கற்றுக்கொண்ட அந்த முடிச்சு, ஈரம் பட்டால் இன்னும் இறுகுமே, அது. வேறு ஊர் மெக்கானிக்காக இருந்தால் அதைப் பார்த்ததுமே துள்ளிக் குதித்திருப்பான். நம் ஊரில் நைலான் நூல் கட்டாத வண்டி எது? சைலன்சரைக்கூட வலை நூலில் தொங்கவிட்டு ஓட்டுகிற ஜனம்தானே நாம். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. 'பாய் கட்டினா கட்டினதுதான்' என்று பாராட்டிவிட்டு பானெட்டை மூடினேன்.

நீயோ விடவில்லை. லைட் எரிந்த போதெல்லாம் ஓரமாக நிறுத்தி, அணைந்த பிறகுதான் கிளம்பினாய். பெட்டியில் ஐஸ் கரைந்தது. இரால் தலை கறுத்துப்போனதென்று மெட்ராஸ் கொடவுனில் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறையும் அப்படி ஆனபோது வண்டி முதலாளி ஆரம்பாக்கத்திலிருந்து நேராக என் கடைக்கே வந்துவிட்டார். நீ அசர் தொழப் போயிருந்தாய்.

"பிரேக்கு நல்லா கீதா, இல்லியா? ஒரே வார்த்த சொல்லு."

"நல்லா இருக்குதுங்க."

"அப்போ அந்த சனியன் புடிச்ச சத்தத்த நிறுத்து. இல்லன்னா நான் டிரைவர மாத்திக்கிறேன். அவனுக்கு பயம் வந்துட்ச்சி."

உன் பெண்ணுக்கு அப்போதுதான் நிக்காஹ் பேசியிருந்தார்கள். வேலை போனால் என்ன ஆகும்? டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, மஞ்சள் வயரை நடுவில் அறுத்து, இரண்டு முனைக்கும் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டேன். அரை நிமிஷ வேலை. நீ தொழுதுவிட்டு வந்ததும் சொன்னேன். முதலாளி மிரட்டியதையும் சொன்னேன். நீ குல்லாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாய்.

"லைட்டு பொய் சொல்லுது பாய், அவ்ளோதான்" என்றேன்.

"லைட்டுக்கு இன்னா லாபம் வயரு, பொய் சொல்ல?"

இரண்டு பேரும் சிரித்தோம். நீ வண்டியை எடுத்துக்கொண்டு போனாய்.

பத்தாம் நாள் பட்டப்பகலில் மீஞ்சூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் ஒரு பஸ், இரண்டு மாட்டுவண்டி, கூடையோடு நின்ற பெண்கள். பெடல் கல்லாகிவிட்டது. நீ மிதி மிதியென்று மிதித்ததைப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்களாம். ஜனம் நின்ற பக்கத்தை விட்டு வலதுபக்கம் ஒடித்து மதகுச் சுவரில் மோதினாய். உன் கால் கதவுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியது. இரால் பெட்டி உடைந்து ரோடெல்லாம் ஐஸ். உன்னைத் தூக்க வந்தவர்களைவிட இரால் பொறுக்க வந்தவர்கள் அதிகம் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆத்திரப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மீஞ்சூர் போனேன். வண்டியை ஒரு ஷெட்டில் இழுத்து விட்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து முதலாளியின் மெக்கானிக் மத்தியானம் வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் என் வயரைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். ஒளித்துப் பேச என்ன இருக்கிறது? என் பெயர் வெளியே வரக்கூடாது என்றுதான் போனேன். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். வயர் இல்லை. சுவிட்ச் பக்கம் மொட்டையாக ஒரு முனை, லைட் பக்கம் மொட்டையாக ஒரு முனை, நடுவில் ஒரு முழத்தைக் காணோம். எவன் எடுத்தான்? எதற்கு எடுத்தான்?

குழப்பத்தில் இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். வலதுபக்கம் நசுங்கியிருந்ததே தவிர இன்ஜினுக்குச் சேதமில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வண்டியைச் சூடாகப் பார்த்தேன். உன் நைலான் முடிச்சு இரண்டும் அப்படியே இருந்தன. நடுவில் அந்த ஓஸ், பொக்கை வாய்க் கிழவன் பீடி இழுக்கும்போது கன்னம் ஒட்டுமே, அப்படி ஒட்டிப்போயிருந்தது. காற்றுப் போக வழியே இல்லை. இன்ஜினை நிறுத்தினேன். ஓஸ் மெதுவாக உப்பி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உருண்டையாகிவிட்டது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வெட்டவெளியில் நீ பிரேக்கைத் தொடுவதில்லை. ஒட்டிய ஓஸில் கசிகிற கொஞ்ச நஞ்ச வேக்கம் மெல்ல மெல்லச் சேர்ந்துவிடும், லைட் அணைந்துவிடும். பஜாருக்குள் அடிக்கடி மிதிப்பாய், சேர்ந்தது தீர்ந்துவிடும், லைட் எரியும். நிறுத்தி இறங்கினால் ஓஸ் பழையபடி. அந்த லைட் ஒரு நாளும் ஒரு பொய்யும் சொல்லவில்லை பாய்.

ஓஸைக் கழற்றி மோந்து பார்த்தேன். டீசல் நாற்றம். படகுத்துறையில் பீப்பாயிலிருந்து படகுக்கு டீசல் பிடிக்கிற ஓஸ் அது. டீசலில் ஊறி ஊறி மெத்தென்று ஆன ரப்பர். உள்ளிருந்து தள்ளினால் தாங்கும், உறிஞ்சினால் தாங்காது. அதற்கு இரண்டு மாதம் முன்பு துறையில் பீப்பாய்க்காரர் "எவன்டா என் ஓஸ்ல ஒரு மொழம் அறுத்துக்கினு போனது" என்று நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாரே, நாம் இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தோமே! நீ கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாய். பழைய ஓஸ் எங்கேயோ வெடித்திருக்கிறது. லோடு நிற்கக்கூடாதென்று கைக்குக் கிடைத்ததை மாட்டிவிட்டாய். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

நீதான் ஓஸை மாட்டினாய் என்று தெரிந்தால் உன்மேல் கேஸ் வரும் என்று நினைத்தேன். ஓஸைப் பையில் போட்டுக்கொண்டேன். மோதியதில் கழன்று விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் வந்த மெக்கானிக் புது ஓஸ் மாட்டிச் சோதித்தார், பிரேக் அருமையாகப் பிடித்தது. லைட் வயரைக் காணோமே என்றார், பழைய வண்டிதானே என்று அவரே சொல்லிக்கொண்டார். முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வண்டில ஒரு கொறையும் இல்ல. ஓட்னவன் கண்ணு எங்க இருந்துச்சோ."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். காலில் கட்டோடு படுத்திருந்தாய்.

"வண்டிய பாத்தியா?" என்றாய்.

"பாத்தேன்."

"இன்னா இருந்துச்சி?"

"ஒண்ணும் இல்ல."

"எனக்கும் ஒண்ணும் தெரியல வயரு" என்றாய். அதோடு சரி. அந்தப் பேச்சை நாம் மறுபடி எடுக்கவே இல்லை.

வேலை போயிற்று. கால் வளைந்தே கூடியது. பெண்ணின் நிக்காஹ் ஒரு வருஷம் தள்ளிப்போனது. 'தூங்கிட்டு ஓட்னான்' என்று பேசியவர்கள் உண்டு, 'போதையில ஓட்னான்' என்றுகூட ஒருத்தன் சொன்னான், வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத உன்னை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியவன் நான்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நீ என் கடைக்கு எதிரே பெட்டிக்கடை போட்டு, பீடியும் வெற்றிலையும் விற்றுக்கொண்டு ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தாய். அந்த ஓஸை நான் முகத்துவாரத்தில் எறிந்துவிட்டதை நீ அறிய மாட்டாய். ஓஸ் எங்கே போனதென்று நீயும் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாயோ! என்னைக் கேட்டால் நான் வயரைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று நினைத்தாயா?

டப்பாவைத் திறந்த பிறகு எனக்கு ஒன்று மட்டும் தெரிகிறது. கால் நசுங்கி, ஆள் வந்து தூக்குவதற்குள், உன் கை டேஷ்போர்டுக்கு அடியில் போயிருக்கிறது. நான் அறுத்த வயரை இரண்டு முனையிலும் பிய்த்துச் சட்டைக்குள் போட்டிருக்கிறாய், என் பெயர் வரக்கூடாதென்று. நான் ஓஸை ஒளித்தேன், நீ வயரை ஒளித்தாய். என்னை நீ காப்பாற்றினாய், உன்னை நான் காப்பாற்றினேன் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டையும் ஒளித்த பிறகு வண்டியில் குறையே இல்லாமல் போய், பழி முழுக்க உன் தலையில் விழுந்தது. இரண்டில் ஒன்றை விட்டு வைத்திருந்தாலும் ஊர் உன்னைக் குடிகாரன் என்று சொல்லியிருக்காதே பாய். எனக்கு அழுகை வருகிறது, கோபமும் வருகிறது, யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

இது போதாதென்று இன்னொன்று. வயரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான் தனித்தனியாக டேப் சுற்றிய முனைகள் இப்போது தனியாக இல்லை. டேப்பை நுனியில் மட்டும் உரித்து, செம்பை முறுக்கிச் சேர்த்து, அதன்மேல் பச்சை நைலான் நூலை நெருக்கி வரிந்து, உன் முடிச்சைப் போட்டிருக்கிறாய்.

எப்போது சேர்த்தாய்? வண்டியை எடுத்துப்போன அன்றே, எங்கேயாவது ஓரமாக நிறுத்திச் சேர்த்துவிட்டாயா? அப்படியென்றால் மீஞ்சூர் கேட்டுக்கு வரும்போது லைட் எரிந்திருக்கும், பஸ்ஸர் கத்தியிருக்கும். நீ பார்த்திருப்பாய், கேட்டிருப்பாய். வயரு பொய் என்று சொன்னானே என்று நிறுத்தாமல் வந்தாயா? நான் அறுத்தது உன்னை ஒன்றும் செய்யவில்லை, நான் சொன்ன வார்த்தைதான் செய்ததா? இல்லை, அறுந்தபடியே ஓட்டிவிட்டு, பிற்பாடு பெட்டிக்கடையில் வியாபாரமில்லாத ஒரு மத்தியானத்தில் என் கடையைப் பார்த்துக்கொண்டே சும்மா சேர்த்துக் கட்டினாயா? அப்படியென்றால் அது மன்னிப்பா? மன்னிப்பென்றால் சாலையைக் கடந்து வந்து கொடுத்திருக்கலாமே, நாலு எட்டுதானே! ஒரு தரம் இந்தப் பக்கம் யோசிக்கிறேன், ஒரு தரம் அந்தப் பக்கம் யோசிக்கிறேன். அந்த லைட்டைப் போலவே எரிவதும் அணைவதுமாக இருக்கிறது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதுதான் என் தொழில். ஓடுகிற வண்டியில் அந்த முறுக்கு இருந்திருந்தால் குலுக்கலில் பொறி பறந்து செம்பில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். வண்டியில் இல்லாமல் சேர்த்ததென்றால் வெறும் பாசிப் பச்சைதான் இருக்கும். முடிச்சைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். நேற்று ராத்திரி பிளேடை எடுத்தும் விட்டேன். ஆனால் உன் முடிச்சு பிரிகிற முடிச்சு இல்லை. ஆறு வருஷ உப்புக்காற்றில் இறுகிக் கிடக்கிறது.

அறுத்தால்தான் தெரியும். இந்த வயரை நான் ஒரு தடவை அறுத்தது போதும் பாய். பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். வயர் இப்போது என் சட்டைப் பையில், நீ கட்டினபடியே இருக்கிறது.